தூசி படியாத சூட்கேஸ்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை என்பதால், வைத்த அன்று மாலையே அவளுக்கும் தெரிந்துவிட்டது. வைத்தது யார் என்பதும் தெரிந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசமான இரண்டு பெயர்கள் பரிசீலனையில் இருந்தன என்பதும் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

பிறவிக் குணம், என்ன செய்வது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கி வர அனுப்பினால், அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதையும் சேர்த்து வாங்கி வருவாள். கல்யாணமான முதல் வாரத்தில், மாமியாரின் மூன்று தங்கைகளில் யாருக்கு யார் மேல் பொறாமை என்று கணவனுக்கு விளக்கினாள். அந்தக் குடும்பத்திலேயே பிறந்து வளர்ந்தும் அவனுக்கு அது புதுச் செய்தி. கணவன் பூட்டு ரிப்பேர் செய்பவன். ஒரு பூட்டைத் திறக்கத் தனக்கு அரை மணி ஆகிறது, இவளோ ஐந்து நிமிடத்தில் ஒரு ஆளையே திறந்துவிடுகிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். அதில் பாதி புகார், பாதி பெருமை.

முதலில் அவள் குடிநீர்ப் பிரிவில் இருந்தாள். குழாய் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்க வந்த ஒருவரிடம், கல்யாணமான மகள் ஏன் ஆறு மாதமாகப் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்று கேட்டுவிட்டாள். அவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். அதே மாதிரி இன்னும் நான்கு கடிதங்கள் ஏற்கெனவே அங்கே காத்திருந்தன. தண்டனையாக அவளை, தாழ்வாரத்தின் கடைசியில், யாரும் விரும்பிப் போகாத ஓர் அறைக்கு மாற்றினார்கள். உறவென்றும் நட்பென்றும் சொல்ல ஆளில்லாமல் இறந்துபோகிறவர்களை நகராட்சி செலவில் அடக்கம் செய்யும் பிரிவு அது. பதினான்கு நாள் உறவினரைத் தேட வேண்டும். இறந்தவரின் அறைக்குப் போய் அலமாரியைத் திறக்க வேண்டும், கடிதங்களைப் படிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் விதிமுறைப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. பூனையைத் தண்டிக்க மீன் கடையில் கட்டிப்போட்ட மாதிரி ஆயிற்று.

பதினோரு வருடமாக அவள் அந்த வேலையில் இருக்கிறாள். பதினான்கு நாளில் யாரும் கிடைக்காவிட்டால் தகன மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு இடம் கொடுப்பார்கள். பத்து நிமிடம்தான். ஒன்பது பத்துக்கு அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் இல்லை. அதனால் அவளே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். இறந்தவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி எடுத்துப்போய் வாசிப்பாள். ஐந்தும் உண்மையாக இருக்க வேண்டும். வேறு யாருக்கும் பொருந்தக் கூடாது. நல்லவர், அமைதியானவர் என்பதெல்லாம் கணக்கில் சேராது. அப்படிச் சொன்னால் பாதி ஊருக்குப் பொருந்தும், மீதி ஊர் பொருந்துகிற மாதிரி நடிக்கும் என்பது அவள் கட்சி. பேருந்துகளில் யாரோ மறந்துவிட்டுப் போன பதினாலு குடைகளை எடுத்து வந்து ஒன்றைக்கூட விரிக்காத அம்மாளுக்கு ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறாள். செய்தித்தாளில் வரும் மரண அறிவிப்புகளில் எழுத்துப் பிழை திருத்தி வைத்திருந்த ஒரு வாத்தியாருக்கும் எழுதியிருக்கிறாள். பெரும்பாலும் கேட்பதற்கு இருக்கிறவர் பிணவண்டி ஓட்டுநர் ஒருவர்தான். அவரும் பாதியில் கொட்டாவி விடுவார். அதற்காக அவள் ஒரு வாக்கியத்தையும் குறைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதுப் பிரிவு அதிகாரி வந்தார். எதையும் சுருக்கமாகச் செய்வதற்கென்றே பிறந்தவர். அவர் கையெழுத்தில்கூட முதல் எழுத்துக்குப் பிறகு ஒரு கோடுதான் இருக்கும். இறந்தவருக்குக் காது கேட்காது, ஓட்டுநருக்கு அக்கறை இல்லை, பிறகு யாருக்காக இந்த வாசிப்பு என்று கேட்டார். அடுத்த அடக்கத்துக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், அதற்குப் பிறகும் பயன் ஒன்றும் தெரியாவிட்டால் வாசிப்பை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். அவர் குரலில் விரோதம் இல்லை. பழைய நாற்காலியை அப்புறப்படுத்தச் சொல்கிறவரின் குரல்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்த மோப்பம் கணவனிடம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. காய்ச்சலோ என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அந்த அடுத்த ஆள், மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்த ஒரு கிழவர். பல்பொருள் கடையில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தவர். கடையையே மூடிவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். மோப்பம் வழக்கம்போல வாசலிலேயே நின்று முதலில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், சாம்பல் நிறத்தில் மூன்று சட்டை. குப்பைக் கூடைகூடக் கழுவிக் கவிழ்த்திருந்தது. கடிதம் இல்லை, புகைப்படம் இல்லை, நாட்காட்டியில் ஒரு தேதியில் மட்டும் வட்டம், பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. கீழ்வீட்டுக்காரி, மேலே ஆள் இருக்கிற சத்தமே கேட்டதில்லை என்றாள். கட்டடத்தை மூன்று வருடம் முன்புதான் வாங்கிய சொந்தக்காரர், நல்ல மனுஷன் என்றார். மோப்பம் அவரை முறைத்தாள்.

ஐந்து நாள் அலைந்தும் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. அவள் வேலைக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு ஆள் அவளுக்குத் தண்ணி காட்டியதில்லை. அதிலும் அதிகாரி வந்து உட்காரப் போகிற நேரம் பார்த்து.

ஆறாம் நாள் நாற்காலி மேல் ஏறிப் பரணைப் பார்த்தாள். ஒரு சூட்கேஸ் இருந்தது. பழைய தோல் சூட்கேஸ், ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பரணில் கை வைத்தால் விரல் கறுக்கிறது, சூட்கேஸில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. திறந்தாள். கால்பந்து நடுவர் போடுகிற கறுப்புச் சட்டை, கால்சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, மூன்று விசில், ஒரு மஞ்சள் அட்டை, ஒரு சிவப்பு அட்டை, மடித்து மடித்துக் கோடு விழுந்த ஒரு செய்தித்தாள் துண்டு. முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய செய்தி. நகரத்தின் இரண்டு பெரிய அணிகள் மோதிய இறுதி ஆட்டத்தில் நடுவர் ஒரு கோலை முதலில் கோல் என்றாராம், பிறகு இல்லை என்றாராம், பிறகு மறுபடி கோல் என்றாராம். இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒற்றுமையாகச் சேர்ந்து அவரைத் துரத்தினார்களாம். அவர் மைதானக் கழிவறையில் மூன்று மணி நேரம் தாழ்போட்டுக்கொண்டு இருந்தாராம். கூடவே புகைப்படம். ஓடுகிற ஒரு மனிதரின் முதுகு.

மோப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கக்கூட மறந்து, பரண் பக்கத்திலேயே நின்று ஐந்து வாக்கியத்தையும் மனதுக்குள் எழுதி முடித்துவிட்டாள்.

அதோடு விட்டாளா. இரண்டு அணிகளின் பழைய சங்கங்களுக்கும் போன் போட்டாள். அந்தக் கோல் என்றதும் இரண்டு இடத்திலும் நேற்று நடந்ததுபோலக் கொதித்தார்கள். நடுவரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் சோடாபுட்டி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சோடாபுட்டி போய்விட்டார், கேட்க ஆளில்லை என்று அவள் சொன்னதும் வருகிறோம் என்றார்கள்.

இறந்தவருக்குக் கறுப்புச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னதும் அவள்தான். தோள் தொங்குகிறது, கை நீளமாக இருக்கிறது, பின்னால் ஊசி குத்தித்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னார். வயதானால் உடம்பு வற்றும் என்று அவள் சொன்னாள். ஷூ இரண்டு அளவு பெரிசாக இருக்கிறதே என்றார். கால்கூட வற்றும் என்றாள். ஒரு ஜோடி செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே ஆள் எந்தக் கையில் பை தூக்குவார் என்று சொல்லுகிறவள், அன்று ஷூவை மட்டும் பேசாமல் சூட்கேஸில் திரும்ப வைத்து மூடினாள். கிடைத்த வாக்கியத்தை விட அவளுக்கு மனம் வரவில்லை.

அடக்க நாளன்று ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே மண்டபம் நிறைந்துவிட்டது. பத்தொன்பது கிழவர்கள். ஓர் அணி இடது பக்க பெஞ்சில், இன்னோர் அணி வலது பக்க பெஞ்சில், நடுவில் யாரும் உட்காரவில்லை. முதல் பெஞ்சில் அதிகாரி, மடியில் கைக்கடிகாரம். ஓட்டுநர் அன்று கொட்டாவி விடவில்லை. திறந்த சவப்பெட்டியில் கறுப்புச் சட்டையும் கழுத்தில் விசிலுமாகக் கிழவர் கிடந்தார். மோப்பம் தாளைப் பிரித்தாள். பதினோரு வருடத்தில் இத்தனை பேர் முன்னால் அவள் வாசித்ததே இல்லை.

இவர் கால்பந்து நடுவராக இருந்தார் என்று வாசித்தாள். ஒரே கோலுக்கு மூன்று தீர்ப்பு சொல்லி இரண்டு அணி ரசிகர்களையும் ஒன்றுசேர்த்த ஒரே நடுவர் இவர்தான் என்று வாசித்தாள். இரண்டு பக்கத்திலும் சிரிப்பு எழுந்தது. அதிகாரி கடிகாரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். மைதானக் கழிவறையில் மூன்று மணி நேரம் தாழ்போட்டுக்கொண்டு இருந்தவர் என்று மூன்றாவதை வாசித்தபோது, கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒன்றரை மணி நேரம்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். தொந்தியும், மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக ஒரு கிழவர் எழுந்து நின்றார். முந்தின நாள் மருந்துக் கடைக்காரர் அவரைப் பார்த்துக் கையிலிருந்த மாத்திரைகளைக் கீழே போட்டுவிட்டாராம். தான் செத்துப்போன செய்தியை அப்படித்தான் தெரிந்துகொண்டாராம். சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போக வந்தாராம். கோபம் எதுவும் அவர் முகத்தில் தெரியவில்லை. எண்ணிக்கை தப்பாகப் போவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மோப்பம் தாளிலிருந்து கண்ணை எடுத்துச் சவப்பெட்டியைப் பார்த்தாள். தோள், கை நீளம், ஷூ எல்லாம் வரிசையாக அவள் கண் முன்னால் வந்து நின்றன. யாரோ ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து இந்த மனிதருக்குப் போட்டு, ஊசி குத்தி நிறுத்தியிருக்கிறாள். அதை அதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுகூட இரண்டாம்பட்சம். ஐந்தில் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக இல்லாமல் ஒரு மனிதர் இன்னும் ஆறு நிமிடத்தில் உள்ளே போகப் போகிறார். அதை நினைத்ததும்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சோடாபுட்டி மெதுவாக நடந்து வந்து சவப்பெட்டியைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என் சட்டை" என்றார். பிறகு, "அப்ப இவர்தான் அவரா" என்றார்.

"எவரு சார்?" என்று கேட்டாள் மோப்பம். அந்த நிலைமையிலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் சொன்னார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் விசிலைத் தொடவில்லை. பத்தொன்பது வருடம் முன்பு அந்த மூன்றாம் மாடி அறையைக் காலி செய்தபோது சூட்கேஸை வேண்டுமென்றே பரணில் விட்டுவிட்டு வந்தார். ஒரு வருடம் கழித்து ஒரு போன் வந்தது. புதிதாகக் குடிவந்தவர், பழைய வீட்டுக்காரரிடம் எண்ணை வாங்கிக் கூப்பிட்டிருந்தார். உங்கள் சூட்கேஸ் பத்திரமாக இருக்கிறது, எப்போது வந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் என்று இவர் சொல்லிவைத்தார். போகவில்லை. அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி போன் வந்தது. அதன் பிறகு ஒரு வருடமும் தப்பவில்லை.

மண்டபக் கடிகாரத்தில் ஒன்பது ஐந்து. மோப்பம் தாளைத் திருப்பி, பேனாவை எடுத்தாள். நான்கு வாக்கியத்தை அடித்தாள். ஐந்தாவதைப் பார்த்ததும் பேனா நின்றது. 'இவர் சூட்கேஸில் ஒரு நாளும் தூசி படிய விட்டதில்லை' என்று எழுதியிருந்தாள். அது இறந்தவருடையதேதான். அதை அடிக்க வேண்டியதில்லை.

"சொல்லுங்க சார்" என்றாள். "போன்ல என்ன பேசுவார்? பேரு சொல்லுவாரா? கட் பண்றது யாரு? இந்தப் பேப்பர் துண்டைப் படிச்சிருக்காரா?"

குடிநீர்ப் பிரிவிலிருந்து அவளைத் துரத்திய அதே வாய்தான். கேள்வி மேல் கேள்வியாகப் போட்டாள். சோடாபுட்டி மூச்சு வாங்கப் பதில் சொன்னார். இரண்டு பக்கத்துக் கிழவர்களும் பெஞ்சிலிருந்து எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள். ஒன்பது எட்டுக்கு அவள் நிமிர்ந்து, சவப்பெட்டியைப் பார்த்து வாசித்தாள்.

"இன்னொருத்தருடைய சூட்கேஸில் இவர் பதினெட்டு வருடம் தூசி படிய விட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை அந்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று போனில் சொல்லுவார். பெயர் சொல்லாமல் நான்தான் என்று மட்டும் சொல்லுவார், யாரென்று கேட்க வேண்டியதே இல்லை. கால்பந்து ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் செய்தித்தாளைப் படித்துவிட்டு அது கோல்தான் என்று நடுவரிடம் அடித்துச் சொன்ன ஒரே ஆள் இவர். இவர் ஒரு தடவையும் முதலில் போனை வைத்ததில்லை."

ஓட்டுநர் மெதுவாக வந்து, சட்டையைக் கழற்ற வேண்டுமா என்று காதோடு கேட்டார். சோடாபுட்டிக்கு அது கேட்டுவிட்டது. இருக்கட்டும், தனக்கு இனிமேல் அது தொந்தியில் ஏறாது என்றார். விசிலையும் எடுக்க வேண்டாம் என்றார். இறந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஊரில் இருந்தும் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தாராம். ஒன்பது பத்துக்குப் பெட்டி உள்ளே போய்க் கதவு மூடியது.

வெளியே வந்ததும் இடது அணியின் பழைய கோல்கீப்பர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். முப்பத்தாறு வருடமாக வைத்திருந்த கேள்வி. அது கோல்தானா? சோடாபுட்டி கொஞ்சம் யோசித்தார். அன்று மழைத் தண்ணீர் பட்டுக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். இரண்டு அணியும் மறுபடி ஒன்றுசேர்ந்து கத்தியது. ஆனால் இந்தத் தடவை யாரும் துரத்தவில்லை. துரத்துகிற முழங்கால் அங்கே யாரிடமும் இல்லை. அதிகாரி மட்டும் வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் மேஜைக்கு வந்த சுற்றறிக்கையில் வாசிப்புக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தது, கீழே முதல் எழுத்தும் ஒரு கோடும்.

சுற்றறிக்கை வந்த அன்று மதியம் சோடாபுட்டி அலுவலகத்துக்கு வந்தார். சூட்கேஸ் மோப்பத்தின் மேஜை மேல் இருந்தது. உரிமையாளர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் கேட்காத பொருளானால் முப்பது நாளில் ஏலத்துக்குப் போய்விடும். அவர் மூடியைத் திறந்து ஷூவைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி மூடினார். பேனாவை எடுக்கவில்லை.

அவள் கேட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியாது. "அவர் அத்தனை தடவை கூப்பிட்டிருக்காரே சார். ஒரு தடவை போய் எடுத்துட்டு வந்திருக்கலாமே?"

"எடுத்துட்டு வந்துட்டா?" என்றார் அவர். "அப்புறம் எனக்கு யாரும்மா போன் பண்ணுவா?"

மோப்பத்தின் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளுக்கு அடுத்த கேள்வி வரவில்லை. மூன்றாம் மாடி அறையின் நாட்காட்டியில் வட்டம் போட்டிருந்த தேதி எது என்று அப்போதுதான் புரிந்தது. எண்ணை எங்கேயும் எழுதி வைக்காததற்குக் காரணமும் புரிந்தது. மனப்பாடமாக இருக்கிற எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. இறந்தவரும் இதே பயத்தில்தான் பார்சல் கட்டி அனுப்பிவைக்காமல் இருந்தாரோ என்னவோ. அதைக் கேட்க இனி ஆளில்லை.

"சரி, எப்ப வந்து எடுத்துக்கறீங்க?" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரிந்தது.

"அடுத்த மாசம் வரேம்மா."

அவள் அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டாள். பொருள் பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே 'உரிமையாளர் தேடப்படுகிறார்' என்று எழுதினாள். அதிகாரி அதைப் படித்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உரிமையாளரைப் பார்த்தார். முதல் எழுத்தையும் ஒரு கோட்டையும் போட்டுவிட்டுப் போனார். சூட்கேஸை அவள் கோப்பு அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினாள். அதன் பிறகு அந்த அலமாரியில் அது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது.

வட்டம் போட்ட தேதி ஏழு வாரம் கழித்து வந்தது. அன்று மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு அவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினாள். ஒரு மணி அடித்து முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"நான்தான்" என்றாள். "சூட்கேஸ் பத்திரமா இருக்கு. ஷூவுக்குப் பாலிஷ் போட்டாச்சு."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கேட்டது. அவள் காத்திருந்தாள். பிறகு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் வைக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.